படிக்கட்டு விளக்கின் இருபத்து நான்கு வெற்றிகள்

சரியாக எழுநூறு நாட்கள். இந்த எழுநூறு நாட்களில் மாரண்டஹள்ளி ஹயாத் வணிக வளாகத்தின் படிக்கட்டு அவசர விளக்கு ஒரு சோதனையில்கூடத் தோற்றதில்லை. மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளிலிருந்து வெளிச்சத்தின் வரலாற்றில் இப்படி ஒரு சாதனை நடந்ததாக நான் படித்ததில்லை. நான் பி.எஸ்ஸி. இயற்பியல். ஓரளவு படித்திருக்கிறேன்.

சூரியனையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரகணத்தன்று அது தோற்றுப்போகிறது. நிலவு மாதம் ஒரு முறை தோற்கிறது. எங்கள் விளக்கு மாதம் ஒரு முறை வென்றது.

வளாகம் மூன்று மாடிக் கட்டடம். பாலக்கோடு சாலையில் அதைவிட உயரமாக எதுவும் இல்லை. கீழே அப்துல் கனியின் பாட்டரிக் கடை. "எங்கள் பாட்டரி பொய் சொல்லாது" என்று பலகையில் எழுதியிருக்கும். முதல் மாடியில் ஓர் அரசு அலுவலகம் வாடகைக்கு இருக்கிறது. இரண்டாம் மாடியில் இன்னாசிராஜ் சாரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். அங்கேதான் நான் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்றாம் மாடியில் கட்டடத்தின் சொந்தக்காரர் ஹயாத் பாஷாவின் அறை. எல்லோருக்கும் ஒரே படிக்கட்டு.

படிக்கட்டில் முன்பு ஒரு ஜன்னல் இருந்தது. முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில், படி திரும்பும் இடத்தில். அதன் வழியாக வெளிச்சம் இலவசமாக வந்துகொண்டிருந்தது. இலவசமாக வரும் எதன் மீதும் ஹயாத் பாஷாவுக்கு மரியாதை இல்லை. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, வெளிச்சுவரை ஓர் உர விளம்பரத்துக்கு வாடகைக்கு விட்டார். அதன் பிறகு படிக்கட்டில் பகலிலும் பல்பு எரிந்தது. மின்சாரம் நின்றால் பகலிலேயே இரவு வந்தது.

அலுவலகம் விதிப்படி கேட்டது: அவசர விளக்கு எங்கே? வாடகை ஒப்பந்தம் நீடிக்க வேண்டுமென்றால் விளக்கு வேண்டும். அதை மாதம் ஒரு முறை சோதிக்கவும் வேண்டும்.

விளக்கு வந்தது. சாம்பல் நிறத் தகரப் பெட்டி. முன்பக்கம் ஒரு வட்டக் கண்ணாடி, அதற்குள் ஒரு சின்ன பல்பு. பெட்டிக்குள் கனி பாய் கடைப் பாட்டரி. மின்சாரம் இருக்கும்போது பாட்டரி சார்ஜ் ஆகும். மின்சாரம் நின்றால் பாட்டரி பல்பை எரிக்கும். மூன்று மணி நேரம் எரியும் என்று கனி பாய் கேரண்டி கொடுத்தார். பக்கத்தில் சோதனைக்காக ஒரு சிவப்புப் பொத்தான்; அழுத்தினால் பல்பு மின்சாரத்தில் எரியும். விளக்கைவிடப் பொத்தான் அழகாக இருந்தது.

பொத்தானை அழுத்த ஆள் வேண்டும் அல்லவா. "ஒளிப் பாதுகாப்புக் குழு" பிறந்தது. ஹயாத் பாஷா தலைவர். இன்னாசிராஜ் சார் செயலாளர். கனி பாய் பாட்டரி உறுப்பினர். அலுவலகத்திலிருந்து இரண்டு பேர், அக்கம்பக்கத்துக் கடைகளிலிருந்து இரண்டு பேர், கைதட்டுவதற்கு. மொத்தம் ஏழு. மூன்றாம் மாடியில் குழுவுக்கென்று ஓர் அறை ஒதுக்கப்பட்டது. அதில் ஏழு நாற்காலிகளும் ஒரு சின்ன கறுப்பு வெள்ளை டி.வி.யும் இருந்தன. டி.வி.யும் வெளிச்சம் தரும் பொருள் என்பதால் அது குழுவின் பாதுகாப்பில் இருந்தது. மொட்டை மாடியில் அதன் ஆன்டெனா பெங்களூரைப் பார்த்து நின்றது. மாலையில் ஏழு பேரும் கன்னடத்தில் நாடகம் பார்த்தபடி படிக்கட்டின் பாதுகாப்பைப் பற்றிச் சிந்திப்பார்கள்.

நான் குழுவின் தொழில்நுட்ப ஆலோசகர். சம்பளம் இல்லாத பதவி. எனக்குப் பேச வராது. கல்லூரிச் செய்முறைத் தேர்விலும் நான் பேசவில்லை, கருவிதான் பேசியது. இது குழுவுக்குத் தெரிந்துதான் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். என் கடமை ஒரே ஒரு சொல்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சோதனை. ஏழு பேரும் படி திரும்பும் இடத்துக்கு வருவார்கள். அந்த இடம் நான்கு பேருக்குத்தான் போதும். மற்ற மூவர் மேல் படிகளில் வரிசையாக நிற்பார்கள். கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல் இருக்கும். முதலில் மின்சாரம் இருக்கிறதா என்று உறுதி செய்யப்படும். செயலாளர் மேலே பார்த்துக் குரல் கொடுப்பார். ஃபேன் சுற்றுகிறது என்று இன்ஸ்டிடியூட்டிலிருந்து பதில் வரும். தலைவர் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்துவார். விளக்கு எரியும். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

"எரிகிறது" என்பேன்.

கைதட்டல். பிறகு போண்டா, டீ.

போண்டாவும் டீயும் கொண்டுவருபவர் நஞ்சம்மாள். வளாகத்துக்குத் தண்ணீர் சுமப்பவரும் அவர்தான். விடிந்ததும் தெருக்குழாயிலிருந்து மூன்று மாடிக்கும் குடம் குடமாக ஏற்றுவார். கட்டடத்தில் மோட்டார் இருக்கிறது. நஞ்சம்மாள் இருப்பதால் அதைப் போடுவதில்லை. அவருக்கு வேறு வருமானம் கிடையாது, கணவர் கிடையாது. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். சோதனை முடிந்து போண்டா மிஞ்சினால் முந்தானையில் முடிந்துகொள்வார். ஏழு பேர் கொண்ட குழுவில் போண்டா மிஞ்சியதாக எனக்கு நினைவில்லை.

சோதனை நாளில் மின்சாரம் இல்லாவிட்டால் சோதனையும் இல்லை. அறிவிப்பை நானே டைப் அடித்து ஒட்டுவேன்: "மின்தடை காரணமாக அவசர விளக்குச் சோதனை ஒத்திவைக்கப்படுகிறது. மின்சாரம் வந்தபின் சோதனை வழக்கம்போல் நடைபெறும்." பிழையில்லாமல் அடிப்பேன்.

ஒரே ஒரு முறை இன்னாசிராஜ் சாரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். மின்சாரம் இல்லாதபோது எரிவதற்காகத்தானே சார் அந்த விளக்கு, அப்போது சோதித்தால் என்ன என்று. சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. நல்ல மனிதர். "டீச்சர், கரண்டு இல்லாதப்ப எல்லாருக்குமே செரமம். அந்த நேரத்துல லைட்டையும் எதுக்குச் செரமப்படுத்தணும்?" என்றார்.

பக்கத்தில் இருந்த ஹயாத் பாஷா இன்னும் தெளிவாக விளக்கினார். "பரீட்சைக்குப் போற புள்ளைய பட்டினியா அனுப்புவமாம்மா? வயிறு ரொப்பித்தானே அனுப்பறோம். கரண்டுதான் லைட்டுக்குச் சோறு."

மூன்று ஆண்டு இயற்பியலில் எனக்கு யாரும் இவ்வளவு எளிமையாக மின்சாரத்தைச் சொல்லித்தந்ததில்லை.

வருடத்துக்கு ஒரு முறை மூன்று மணி நேரச் சோதனை உண்டு. இந்த ஆண்டுச் சோதனை சித்திரை மாதம் நடந்தது. பொத்தானைத் தொடர்ந்து அழுத்தியிருக்க வேண்டும். தலைவரால் முடியாது என்பதால் ஒரு தீக்குச்சியைச் செருகி வைத்தார்கள். தலைவர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் ஊரில் மின்சாரம் போனது. அதே நொடியில் அவசர விளக்கும் அணைந்தது. கும்மிருட்டில் குழு உடனே ஆலோசித்தது. செயலாளர் இருட்டிலேயே முடிவைச் சொல்ல, நான் மறுநாள் டைப் அடித்தேன்: "மின்சாரம் ஒத்துழைக்கவில்லை. விளக்கின் மீது குறையில்லை." இதுவும் வெற்றிக் கணக்கில் சேர்ந்தது.

அந்தக் கோடையில்தான் பெட்டி சற்று இளைத்ததுபோல் எனக்குத் தோன்றியது. தூசி துடைக்கும்போது முன்பெல்லாம் அசையாது. இப்போது துணி பட்டாலே ஆடியது. ஓயாத உழைப்பில் கருவிகளும் மெலியும்போல. குழுவும் கவலைப்பட்டிருக்க வேண்டும். அடுத்த வாரமே பெட்டி மூடியில் நான்கு மூலையிலும் அரக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். விளக்கின் நம்பகத்தன்மையை யாரும் திறந்து பார்த்துக் கெடுத்துவிடக் கூடாது என்று காரணம் சொன்னார்கள்.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

ஒப்பந்தத்தை நீட்டிப்பதற்காகத் தர்மபுரி மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அம்மையார் வருவதாக இருந்தது. சனிக்கிழமை அவர் முன்னிலையில் இருபத்து நான்காவது சோதனை. அதற்கு இரண்டு நாள் முன்பு அந்த வியாழன். அன்று ஏதோ பெரிய கிரிக்கெட் ஆட்டம். டைப் பழகும் பையன்கள் ஒருவரும் வரவில்லை. முதல் மாடி அலுவலகத்தில் நாற்காலிகள் மட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தன. மூன்றாம் மாடியில்தான் கடமை நடந்தது. ஏழு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு "அவசரக் கூட்டம்" நடத்தினார்கள். எட்டு டீ சொல்லியிருந்தார்கள். தலைவர் இரண்டு குடிப்பார்.

பிற்பகல் மின்சாரம் போனது. ஃபேன் நின்றது. படிக்கட்டு இருண்டது. கூட்டம் கலையவில்லை. இருட்டிலும் கலையாத கூட்டத்தை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு ஒரு சத்தம் கேட்டது. முதலில் கண்ணாடி கிளாஸ்கள், அடுத்து டீத் தூக்கு, கடைசியில் ஆள்.

"ஐயா," என்று நஞ்சம்மாளின் குரல் வந்தது. மறுபடி, இன்னும் பலமாக, "ஐயா, யாராச்சும் வாங்களேன்."

மேலே கூட்டத்தின் இரைச்சல் உயர்ந்தது. சூடான விவாதம் போலும். அடுத்து பலத்த கைதட்டல். ஏதோ முக்கியமான தீர்மானம் நிறைவேறியிருக்க வேண்டும்.

நான் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவசர விளக்குக்கு நேர் கீழே நஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டு வளையக் கூடாத பக்கம் வளைந்திருந்தது. சேலையெல்லாம் டீ. நான் தீக்குச்சியைத் தூக்கிப் பிடித்தேன். அதன் வெளிச்சத்தில் அவசர விளக்கின் கண்ணாடி அழகாக மின்னியது.

அவரைச் சுவரில் சாய்த்துவிட்டு மூன்றாம் மாடிக்கு ஓடிக் கதவைத் தட்டினேன். நெடுநேரம் தட்டிய பிறகு கதவு நான்கு விரல் அகலத்துக்குத் திறந்தது. இன்னாசிராஜ் சார் எட்டிப் பார்த்தார். "கூட்டம் நடக்குது டீச்சர். டீ வந்துருச்சா?" என்றார். எனக்கு வாய் வருவதற்குள் கதவு மூடிக்கொண்டது. அந்த இடுக்கில் ஆறு முகங்கள் தெரிந்தன. ஆறிலும் ஒரு நீல வெளிச்சம் விழுந்திருந்தது. கடமை உணர்ச்சியின் ஒளி என்று எடுத்துக்கொண்டேன்.

நஞ்சம்மாளைப் பாலக்கோடு ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரி வாசலில் அவர் கேட்டார்.

"ஏன் டீச்சரம்மா, மேல எதுக்குக் கைய தட்டுனாங்க?"

கூட்டம் நடந்தது என்றேன்.

"நான் வுழுந்ததுக்குன்னு நெனச்சிக்கினேன்" என்றார்.

மாவுக்கட்டு போட்டார்கள். கட்டைவிரலையும் சேர்த்து, முழங்கை வரைக்கும்.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. நஞ்சம்மாளின் கையைப் பற்றி விசாரித்தார்கள். கை எப்படி இருக்கிறது என்று அல்ல, கையைச் சனிக்கிழமை எங்கே மறைத்து வைப்பது என்று. விபத்து நடந்த படிக்கட்டுக்கு ஒப்பந்தம் நீடிக்காது. ஆனால் விளக்கு எரிந்த படிக்கட்டில் ஒருவர் தானாக விழுந்தால் அது விபத்து ஆகாது, அஜாக்கிரதை ஆகும். இதைக் கண்டுபிடித்தவர் செயலாளர். விளக்கு எரிந்ததற்கு என்ன ஆதாரம்? இருபத்து மூன்று வெற்றிகள். இத்தனை முறை எரிந்தது அன்று மட்டும் எப்படி எரியாமல் இருந்திருக்கும்?

அதன்படி ஒரு வாக்குமூலம் தயாரானது. "படிக்கட்டில் அவசர விளக்கு பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தபோது நான் என் கவனக்குறைவால் விழுந்தேன்." நான்தான் டைப் அடித்தேன். "பிரகாசமாக" என்ற சொல்லைத் தலைவர் பிறகு சேர்க்கச் சொன்னார். நஞ்சம்மாள் அதில் கைநாட்டு வைக்க வேண்டும். வைத்தால் கட்டுப் பிரித்ததும் வேலை. இல்லாவிட்டால் திங்கட்கிழமை வேறு ஆள்.

நஞ்சம்மாளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார்கள். அவர் மாவுக்கட்டைக் காட்டினார்.

"கட்டவெரலு இதுக்குள்ள இருக்குதுங்க."

"இடது கை இருக்குதில்ல?" என்றார் செயலாளர்.

"இருக்குதுங்க. ஆனா லைட்டு எரியலீங்களே."

"எரிஞ்சுதுன்னு நாங்க ஏழு பேரு சொல்றோம். நீ ஒருத்தி. கொஞ்சம் யோசிச்சுப் பாரு நஞ்சம்மா. இதுல உனக்கு என்ன நட்டம்?"

நஞ்சம்மாள் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்று முகத்தில் தெரிந்தது.

"இருட்டுல வுழுந்தேன்னா கை ஒடிஞ்சதோட போவுதுங்க. வெளிச்சத்துல வுழுந்தேன்னு நானே சொல்லிட்டா, நாளைக்கு இந்த ஊர்ல எவரு என்னை நம்பி ஒரு கொடம் குடுப்பாங்க? கண்ணவிஞ்சவன்னு அனுப்பிருவாங்க. என் புள்ளைங்க ரெண்டும் எங்கீங்க போவும்?"

குழுவுக்கு இது புரியவில்லை. பிடிவாதம் என்று பதிந்துகொண்டார்கள். சனிக்கிழமை வளாகத்துப் பக்கம் வரக் கூடாது, திங்கட்கிழமை கைநாட்டோடு வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவர் என்னைப் பார்த்தார். நான் டைப்ரைட்டரைப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை அதிகாரி அம்மையார் வந்தார். கண்ணாடி போட்டிருந்தார், அதிகம் பேசவில்லை. கையில் அலுவலகம் கொடுத்த கேள்வித்தாள் இருந்தது. "பொத்தான் அழுத்தப்பட்டதா? ஆம் / இல்லை. விளக்கு எரிந்ததா? ஆம் / இல்லை." மின்சாரம் இருந்ததா என்று கேட்க அதில் இடம் இல்லை. விதிகளை எழுதுபவர்களும் எங்கள் குழுவைப் போலவே சிந்திக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஃபேன் சுற்றியது. தலைவர் விரலைத் துடைத்து அழுத்தினார். விளக்கு எரிந்தது.

"எரிகிறது" என்றேன்.

இருபத்து நான்காவது வெற்றி. கைதட்டல். அதிகாரி இரண்டு இடத்தில் "ஆம்" போட்டார். எல்லோரும் மூன்றாம் மாடிக்குப் போய் உட்கார்ந்தோம். டி.வி. மீது ஒரு பூப்போட்ட துணி போர்த்தியிருந்தது. கையெழுத்துப் போட அதிகாரி பேனாவைத் திறந்தபோது வாசலில் நஞ்சம்மாள் நின்றார்.

இடது கையில் டீத் தூக்கு. வலது கையில் மாவுக்கட்டு. தலைவாரி, பூ வைத்து வந்திருந்தார்.

"நாளு தவறாம டீ குடுத்துட்டேன். இன்னிக்கு மட்டும் எதுக்கு வுடணும்னு வந்தேனுங்க" என்றார்.

அதிகாரி பேனாவை மூடினார். "கையில என்னம்மா?"

செயலாளர் முந்திக்கொண்டார். ஒன்றும் இல்லை மேடம், வியாழக்கிழமை அஜாக்கிரதையாக விழுந்துவிட்டாள், அவசர விளக்கு பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தபோதே விழுந்தாள், அவளுக்கு எப்போதும் கொஞ்சம் பராக்கு என்றார். கைதட்டும் நால்வரும் தலையாட்டினார்கள். அலுவலகக்காரர்கள் இருவரும் கொஞ்சம் கூடுதலாக ஆட்டினார்கள்.

"இருட்டுங்க" என்றார் நஞ்சம்மாள். ஒரு சொல்தான்.

அதிகாரி இருவரையும் பார்த்தார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். "இங்க டெக்னிக்கல் அட்வைசர் யாரு?"

ஏழு பேரும் என்னைக் காட்டினார்கள். பயமில்லாமல் காட்டினார்கள். எழுநூறு நாட்களாக என்னிடமிருந்து ஒரு சொல்லுக்கு மேல் வந்ததில்லை. இன்னாசிராஜ் சார் பக்கத்தில் குனிந்து, "எரிந்தது. அவ்வளவுதான், இறந்த காலத்துல சொல்லுங்க போதும்" என்றார்.

எழுந்து நின்றேன். நஞ்சம்மாள் என்னைப் பார்க்கவில்லை. இடது கையால் கிளாஸ்களை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்துக்கொண்டிருந்தார். ஒன்றுகூட மோதவில்லை.

"எரியவில்லை" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரிந்து தொடர்ந்து பேசிவிட்டேன். விஞ்ஞானப்படி இதற்கு இரண்டு காரணம்தான் இருக்க முடியும் மேடம், ஒன்று நஞ்சம்மாவின் கண், இன்னொன்று பாட்டரி. நஞ்சம்மாவின் கண்ணில் குறை இல்லை. போன மாதம் டைப்ரைட்டரிலிருந்து தெறித்த கடுகளவு ஸ்குருவை அவர்தான் பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். குழுவின் கடமை உணர்ச்சியிலும் குறை இல்லை. அதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். மீதி பாட்டரிதான். பாட்டரி மட்டமானது. மூன்று மணி நேரம் வேண்டாம், மூன்று நிமிஷம்கூடத் தாங்காத சரக்கு.

ஒரு நிமிடம் யாரும் மூச்சு விடவில்லை. பிறகு ஆறு பேர் நிம்மதியாக விட்டார்கள்.

இவ்வளவு நல்ல வழி இருப்பது அவர்களுக்கு அதுவரை தோன்றவில்லை. விளக்கு எரியவில்லை, ஆனால் குழுவின் மீது குற்றமில்லை. தலைவர் என்னைப் பாசத்தோடு பார்த்தார். "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றார். ஒரு பாட்டரி மட்டமாகப் போனால் மனுஷன் என்ன செய்ய முடியும் மேடம், அடுத்த வாரமே நல்ல கம்பெனிப் பாட்டரியாகப் போட்டுவிடுகிறோம், நஞ்சம்மா பாவம், அவள் வேலையில் அப்படியே இருக்கட்டும் என்றார். செயலாளர் வாக்குமூலத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். நஞ்சம்மாள் கடைசிக் கிளாஸை வைத்துவிட்டு முதல் முறையாக நிமிர்ந்தார்.

அதிகாரி எழுதத் தொடங்கினார். "பாட்டரியின் தரக் குறைவு. எந்தக் கடை?"

ஆறு பேரும் ஏழாவது ஆளைப் பார்த்தார்கள்.

அப்துல் கனி பாய். ஓசூர் முதல் அரூர் வரை லாரிக்காரர்கள் தேடி வந்து வாங்கும் பாட்டரி அவருடையது. ராத்திரியில் மலைப் பாதையில் ஓடுகிற வண்டிக்கெல்லாம் அவர் சரக்குதான் என்று அடிக்கடி சொல்வார்.

"கீழ் கடைதானுங்க" என்றார் செயலாளர், கனி பாய் முகத்தைப் பார்க்காமல்.

"இந்தக் கடைச் சரக்கைத் தாலூகாவுல எந்த ஆபீசும் வாங்கக் கூடாதுன்னு சேர்த்து எழுதிடறேன்" என்றார் அதிகாரி.

"எழுதுங்க மேடம்" என்றார் தலைவர். பிறகு கனி பாய் பக்கம் சாய்ந்து, எல்லோருக்கும் கேட்கும் ரகசியக் குரலில், "கனி பாய், ஒத்துக்கங்க. நம்ம எல்லாரோட நல்லதுக்கு. ஒரு மட்டப் பாட்டரி, அவ்ளோதானே" என்றார்.

கனி பாய் எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது.

"மட்டமா? ஏன் பாய், என் பாட்டரியா மட்டம்?" என்றார். போய் டி.வி. மேலிருந்த பூப்போட்ட துணியை இழுத்தார். டி.வி.க்குப் பின்னால், இரண்டு ஒயர் கோத்தபடி, சாம்பல் நிறத்தில், அவர் கடை முத்திரை குத்திய பாட்டரி உட்கார்ந்திருந்தது.

"சித்திரையில பொட்டியில இருந்து கழட்டி இங்க கொண்டாந்து வெச்சமே, அதான மேடம் இது. எழுதறதுக்கு முந்தி ஒண்ணு கேளுங்க. அன்னிக்கு கரண்டு போனதுல இருந்து மேட்சு முடியற வரைக்கும் ஏழு பேரும் இதுலதான் பாத்தோம். படம் ஒருக்கா மங்குச்சா? இல்ல. கீழ நஞ்சம்மா ஐயா ஐயான்னு கத்துது, காதுல வுழாம இருக்கட்டும்னு தலைவரு சவுண்ட முழுசா ஏத்துனாரு. அப்பக்கூட என் பாட்டரி எறங்கலீங்க."